சன்னி ராலின்ஸ் இரண்டு ஆண்டுகள் பாலத்தின் மேல் நின்று சாக்ஸபோன் வாசித்தார் என்பது உண்மையா, விளம்பரக் கதையா?

உண்மைதான். அமெரிக்க ஜாஸ் கலைஞரான அவர் 1959இல் மேடையை விட்டு இறங்கி 1961இல்தான் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் அவர் நின்று வாசித்த இடம் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதை. விளம்பரம் தேடுகிறவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். இவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. 1961இல் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், 'மகா கலைஞன் தவம் செய்யப் போனான்' என்று யாரோ உங்களிடம் அளந்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு. அவர் குடியிருந்த கட்டடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றுதான் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஜாஸ் அறிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். மேடையை விட்டதற்கும் அந்தப் பெண்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1956இல் பதிவான 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தட்டு வந்த பிறகு பெயர் எங்கோ போய்விட்டது, வாசிப்பு அந்தப் பெயருக்கு ஈடாக இல்லை என்று அவரே நினைத்தார். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டாருக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்குத்தான் அந்தக் கதையில் எது கனம் என்று புரியும்.

நான் அலைந்தது 2009இல். சிங்கப்பூரின் தோ பாயோவில் மூவறை வீடு, ஏழாம் மாடி. இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை சத்தம் கூடாது என்பது அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் வழக்கம். நான் ஒன்பது மணிக்கே மூடி வைத்துவிடுவேன். ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய ஆங்கில எழுத்துகளில், 'உங்கள் வீட்டு மாட்டை எப்போது விற்பதாக உத்தேசம்?' என்று கேட்டிருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். நான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது பாட்டு அல்ல. டெனர் சாக்ஸபோனின் அடிச்சுரத்தை ஒரே மூச்சில் நீட்டிப் பிடிக்கும் பயிற்சி. தள்ளி நின்று கேட்டால் அது மாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் மாடிக்கு இறங்கிப் போனேன். கதவைத் திறந்தவர் இரவு வேலைக்குப் போகும் டாக்சி ஓட்டுநர். நான் வாசிக்கும் நேரம்தான் அவர் கண்ணை மூடும் நேரம். கண்கள் சிவந்திருந்தன. சண்டை போடத் தயாராகப் போன நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே வந்தேன்.

பிறகு கோமாளித்தனங்கள் தொடங்கின. முதலில் வாயில் துண்டைத் திணித்தேன், சாக்ஸபோனின் வாயில்தான். பயனில்லை. சாக்ஸபோனின் ஒலி அந்த அகன்ற வாய் வழியாக மட்டும் வருவதில்லை, உடலெங்கும் உள்ள துளைகள் வழியாகவும் வருகிறது. துண்டு அடித்துளைச் சுரங்களைக் கெடுக்கும், மற்றவை பாட்டுக்குக் கத்தும். அடுத்து துணி அலமாரிக்குள் தலையை விட்டு வாசித்தேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "பட்டுப்புடவையில் எச்சில் பட்டால் நடப்பதே வேறு" என்றார்.

அப்புறம்தான் காலாங் ஆற்றோரப் பாதை. மேலே வாகனங்கள் ஓயாமல் ஓடும் ஒரு மேம்பாலத்தின் அடியில் இடம் பிடித்தேன். முதல் நாளே சைக்கிளில் போன ஒருவர் பெட்டியில் இரண்டு வெள்ளி போட்டுவிட்டார். பொது இடத்தில் வாசித்துக் காசு வாங்கத் தேசியக் கலைகள் மன்றத்தின் உரிமம் வேண்டும். பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடித் திருப்பிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் அங்கே வாசித்தேன். என் ஒலி பெருத்துவிட்டது, உருண்டு திரண்டு வருகிறது என்று எனக்கே பெருமை. ஒரு நண்பர் சிறிய விடுதியொன்றில் வாசிக்க அழைத்தார். தரையில் கம்பளம், சுவரில் திரைச்சீலை. முதல் சுரம் வந்ததும் திடுக்கிட்டேன். சளி பிடித்த வாத்துபோல மெலிந்து கிடந்தது. அதுவரை நான் கேட்டு மகிழ்ந்தது சிமெண்டின் எதிரொலியை! ராலின்ஸ் நின்றது பாலத்தின் மேலே. காற்று, ரயில், கீழே படகுகளின் ஊதல் என்று எல்லாம் ஒலியைத் தின்றுவிடும் இடம், எதையும் திருப்பித் தராது. அங்கே தனக்கே கேட்க வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும். நான் பாலத்தைப் பிடித்துக்கொண்டேன், மேலா கீழா என்பதைத் தவறவிட்டேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் திருமண விருந்துகளில் சாக்ஸபோன்காரனைக் கூப்பிட்டுவிட்டு, கத்ரி கோபால்நாத் படத்துக்கு வாசித்த பாட்டையே மூன்று முறை கேட்கிறார்கள். அவர்மேல் எனக்குப் பக்திதான். நாகசுர வித்துவானின் மகன், மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடக இசையின் சுர அசைவுகளான கமகத்தைக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அவரிடம் நாலு மணி நேரக் கச்சேரியே இருந்தது ஐயா, ஒரு பாட்டு அல்ல. விருந்தில் வாசித்து முடிந்ததும் எங்களுக்குக் கூலியாக ஒரு பிரியாணிப் பொட்டலம், கூடவே "நம்ம வீட்டு விசேஷம்தானே" என்ற வசனம். மேடை அலங்காரம் செய்தவருக்கு மட்டும் முன்பணம்.

போகட்டும். ராலின்ஸ் திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'தி பிரிட்ஜ்'. அதில் வரும் ஜிம் ஹாலின் கிட்டாரோடு சேர்த்துக் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு ஆர்வம் இருந்தால் உங்கள் வீட்டிலும் ஒரு சாக்ஸபோன் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தால், கீழ்வீட்டுக்காரர் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று போய்க் கேட்டுவிடுங்கள். துண்டு மட்டும் வேண்டாம்.