பிளஸ் ஒன் படிக்கும் நடுக்கள வீரனின் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை விட்டுவிட்டு வெளிமாநிலக் கால்பந்து அகாடமியில் சேர வேண்டும் என்று மகன் அடம்பிடிப்பதாகவும், இனி பந்தையே தொடக்கூடாது என்று அவன் அப்பா சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். பிளஸ் டூ முடியும்வரை படிப்பும் நடக்கட்டும், ஆட்டமும் நடக்கட்டும். பயிற்சி நேரம் ஒத்துவராவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதலாம். சான்றிதழ் மட்டும் கைக்கு வந்தாக வேண்டும்.

'கோலே போடாத பையனை எந்த அணி எடுக்கும்?' என்று கேட்டிருந்தீர்கள். நடுக்கள வீரனைக் கோல் கணக்கால் அளக்க முடியாது. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது பந்தைப் பின்தொடராமல் அவனை மட்டும் பாருங்கள். பந்து தன் காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி முதுகுப் பக்கம் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்கிறானா? பந்தை வாங்கும்போதே உடம்பு முன்பக்கம் திரும்பத் தயாராக இருக்கிறதா? பந்தை இழந்தால் தலையில் கை வைத்து நிற்கிறானா, உடனே துரத்துகிறானா? தேர்வாளர்கள் கவனிப்பது இவற்றைத்தான். இந்தப் பார்வை ஆடி ஆடித்தான் கூர்மையாகும். பதினாறு வயதில் அது முழுதாகக் கைவராதது குறையே இல்லை.

இந்திய அணியின் நடுக்கள வீரர் அனிருத் தாபாவின் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் டேராடூனில் பிறந்தவர். சண்டிகர் அகாடமி, பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் எலைட் அகாடமி, 2016-ல் 'சென்னையின் எஃப்.சி.' என்ற சென்னை கிளப். வந்ததுமே நிரந்தர இடம் கிடைத்துவிடவில்லை. ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகில் ஆடிப் பழக மினர்வா பஞ்சாப் அணிக்குக் கடனாக, அதாவது சில காலம் மட்டும் ஆட, அனுப்பப்பட்டார். 2017-18 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்ற சென்னை அணியில் இருந்தார். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை இந்தியா 4-1 என வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. அப்போது அவருக்கு இருபது வயது. 2023-ல் கொல்கத்தா கிளப்பான மோகன் பகானுக்குப் போனார். கடனாகப் போன காலத்தைத் தோல்வி என்று நினைத்திருந்தால் அவருக்கு மற்றதெல்லாம் வாய்த்திருக்காது. உங்கள் மகனையும் ஒருநாள் சின்ன அணிக்கு அனுப்பினால் வருந்தாதீர்கள். பெஞ்சில் உட்காருவதைவிட வாராவாரம் ஆடுவது மேல்.

அதே கோப்பை அணியின் இன்னொரு நடுக்கள வீரர், வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ். அடுத்த சீசன் முழுவதையும் முழங்கால் காயம் விழுங்கிவிட்டது. திறமைக் குறைவால் நேர்ந்ததல்ல அது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்திவைக்கப்பட்டபோது, சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையும் நிறுத்தின. நாட்டின் முதல்நிலை லீகுக்கே இந்த நிலை. உங்கள் கணவரின் பயம் நியாயமானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பயத்துக்கு மருந்து பிளஸ் டூவும் பட்டப்படிப்பும்தான், பந்தைப் பிடுங்குவதல்ல.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். 'ஐரோப்பிய கிளப்பில் ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன், சில லட்சம் கட்டுங்கள்' என்று பெற்றோரைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்கு மாற முடியாது. பதினாறு வயதுப் பையனுக்கு ஸ்பெயின் ஒப்பந்தம் என்றால் கதவைச் சாத்திவிடுங்கள். உள்நாட்டிலும் முகவர் என்று யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 18 வயது நிறையாதவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறந்த தேதியைக் குறைத்துக் காட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இளையோர் போட்டிகளில் எலும்பு வயதுச் சோதனை இருக்கிறது. மாட்டினால் பையனின் பெயரே கெட்டுவிடும்.

மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அசலாக ஒரே கோப்பில் வையுங்கள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடங்கள், ரயில்வே வேலை, எல்லாவற்றிலும் முதலில் கேட்பது அதைத்தான். எந்த மட்டத்துப் போட்டிச் சான்று எந்த வேலைக்குச் செல்லும் என்பது அந்தந்த அறிவிப்பில் இருக்கும். படித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

வெளிமாநில அகாடமிக்குப் பணம் கட்டும் முன் அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிப்புக்கு என்ன ஏற்பாடு, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, கடந்த ஆண்டு அங்கிருந்து வெளியே வந்த பையன்கள் இப்போது எந்த அணியில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால், பையனை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.