விதியின் ஆட்சியா, சட்டத்தின் ஆட்சியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பர் 26 அரசமைப்பு நாளுக்காக, தில்லி மயூர் விஹாரில் எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் இந்தித் துண்டறிக்கையைத் தமிழாக்கினேன். ‘விதி கா ஷாசன்’ என்று இருந்ததை ‘விதியின் ஆட்சி’ என்று எழுதினேன். படித்த பெரியவர் ஒருவர், “தலையெழுத்தைப் பற்றியதா அம்மா?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் ‘லா’ என்று ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுகிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாதா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி ஒரு சொல் நமக்கு இல்லாததே நல்லது. இந்தியில் ‘விதி’ என்றால் சட்டம். தில்லியில் சட்ட அமைச்சகத்தின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. தமிழில் அது ஊழையும் குறிக்கும், ஒழுங்குமுறையையும் குறிக்கும். உங்கள் அறிக்கையில் ‘சட்டத்தின் ஆட்சி’ என்று திருத்துங்கள்.

அரசுத் தாள்களை மொழிபெயர்க்கும்போது இன்னொரு தவறும் நேர்கிறது. இந்தியில் ‘அதிநியம்’ என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றியது, தமிழில் சட்டம். ‘நியம்’ என்பது அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு வகுப்பது, தமிழில் விதி. சட்டத்துக்குள் இருப்பவை பிரிவுகள். ஆகவே ‘பிரிவு 5’ வேறு, ‘விதி 5’ வேறு. மனுவில் இரண்டையும் மாற்றி எழுதினால் மேற்கோளே தப்பாகிவிடும். தாய்ச்சட்டத்தை மீறிய விதியை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லவும் முடியும்.

‘சட்டம்’ என்ற சொல்லின் பொருளை வைத்து ஒரு மனிதரின் விடுதலையே வழக்காடப்பட்டிருக்கிறது. 1950இல் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக வாதிட்டவர்கள், உயிருக்கும் உடல் விடுதலைக்கும் காப்புத் தரும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் வரும் ‘சட்டம்’ இயற்கை நீதியையும் உள்ளடக்கியது என்றார்கள். ஒருவரைக் கேளாமல் தண்டிக்கக் கூடாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்பவை அந்த நீதியின் அடிப்படைகள். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. முறைப்படி இயற்றியதே சட்டம் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் அந்த வாதத்தின் பக்கம் நின்றார். 1978இல், கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில்தான், சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதி என்ற பொருளைச் சட்டத்துக்குள் கொண்டுவர 28 ஆண்டு ஆயிற்று!

அறிவியலில் ‘விதி’ என்றே எழுதுங்கள். அங்கே கட்டளை இடுபவர் யாரும் இல்லை. புதன் கோளின் பாதை நியூட்டனின் கணக்கிலிருந்து நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) விலகியது. கோள் குற்றவாளி ஆகவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் கோட்பாடுதான் அந்த விலகலுக்குக் கணக்குச் சொன்னது. விதியோடு அதன் நிபந்தனையையும் சேர்த்தே எழுதுங்கள். வெப்பநிலை மாறாதபோது என்று சொல்லாவிட்டால், வாயுவின் அழுத்தம் கூடினால் பருமன் குறையும் என்னும் பாயில் விதி பிழையாகிவிடும்.

சமயத்தில் ஒவ்வொரு மரபும் தனக்கென ஒரு சொல்லை வைத்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் நியாயப்பிரமாணமும் உண்டு, திருச்சட்டமும் உண்டு, முஸ்லிம்களுக்கு ஷரீஅத். அவரவர் சொல்லையே எடுத்தாளுங்கள்.

முடிந்தால் பிள்ளைகளை தில்லியிலுள்ள ஃபெரோஸ் ஷா கோட்லா கோட்டைக்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள அசோகர் தூணில் ‘தம்மம்’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிடைத்த அவருடைய கிரேக்கக் கல்வெட்டில், அதற்குச் சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற சொல்லைப் போடவில்லை. பக்தியைக் குறிக்கும் ‘யூசெபெயா’ என்று பெயர்த்திருக்கிறார்கள். நீங்கள் தம்மத்துக்கு ‘அறம்’ என்று எழுதுங்கள்.