சிம்பல் கலைஞரின் காத்திருப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புகழ்பெற்ற படைப்புகளை மட்டுமே வாசித்த ஓர் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குச் சென்றிருந்தேன். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி, துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’, இறுதியில் பீரங்கி முழக்கமும் சேரும் சைக்கோவ்ஸ்கியின் ‘1812’. எனக்கு மெய்சிலிர்த்தது. உடன் வந்த நண்பரோ, இவையெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வெறும் ஆரவாரம் என்கிறார். அவர் சொல்வது சரிதானா? துவோர்ஷாக்கின் சிம்பொனியில் சிம்பல் (உலோகத் தட்டுத் தாளக்கருவி) கலைஞர் ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பதும் புரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலிலேயே முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. சுமார் 40 நிமிடங்கள் நீளும் அந்த சிம்பொனியில் துவோர்ஷாக் சிம்பலுக்கு எழுதியிருப்பது ஒரே ஒரு ஒலி. நான்காம் பகுதியில் வரும் அதுவும் இடியென விழுவதில்லை. கவனம் சற்றுப் பிசகினால் காதில் படாமலே போய்விடக்கூடிய மினுக்கம். ஆரவாரம் செய்ய நினைப்பவர் இத்தனை கருமித்தனம் காட்டமாட்டார்.

பீத்தோவன் இதில் இன்னும் துணிச்சலானவர். 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறிய ஐந்தாவது சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளில், டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் மூன்று கலைஞர்களுக்கும் ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. மூன்றாம் பகுதியின் முடிவில், தந்திக் கருவிகள் மிகத் தணிந்த ஒலியை நீட்டிப் பிடித்திருக்க, டிம்பனி என்னும் பெருமுரசு மட்டும் அடக்கமாகத் தட்டிக்கொண்டே இருக்க, அதன்மேல் வயலின்கள் தயங்கித் தயங்கி ஏறிவர, இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதி வெடிக்கிறது. டிராம்போன்களும், கீச்சென்று ஒலிக்கும் சிறு குழலான பிக்கலோவும், ஆழ்ந்த ஒலி தரும் பெரிய ஊதுகருவியான கான்ட்ராபசூனும் அந்தப் பகுதியில்தான் முதன்முறையாகச் சேர்கின்றன. சி மைனர் என்னும் இருண்ட ஸ்வர வரிசையில் தொடங்கிய இறுக்கம், சி மேஜர் என்னும் ஒளிமிக்க வரிசையில் திறந்துகொள்வதும் அங்கேதான். நீங்கள் சிலிர்த்தது சத்தத்தால் என்று நண்பர் நினைக்கலாம். இருபது நிமிடங்களுக்கு மேலாக நமக்குத் தராமல் ஒளித்துவைத்திருந்த நிறம் திடீரென்று வந்துசேர்ந்ததால் என்பேன் நான். புளித்துப்போனதாக அவர் சொல்வதும் பெரும்பாலும் அந்தப் புகழ்பெற்ற முதல் நான்கு ஸ்வரங்களாகத்தான் இருக்கும். டிம்பனி தட்டும் அந்த இடத்தை முணுமுணுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

‘1812’ விஷயத்தில் மட்டும் நண்பரின் பக்கம் இசையமைப்பாளரே நிற்கிறார். அது பெருஞ்சத்தமாக இருக்கும் என்றும், தான் அதை அன்போடு எழுதவில்லை என்றும் 1880இல் தன் புரவலரான நதேழ்தா வான் மெக்குக்கு சைக்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். பீரங்கி முழங்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஐந்தாவது சிம்பொனிக்காக வாதாடுவதுபோல அதற்காக யாரிடமும் வாதாடமாட்டேன்.