மழைக்கும் வெயிலுக்கும் எந்த ரயர்?

கேள்வி: என்னிடம் இருப்பது பல்சர் 150 மோட்டார் சைக்கிள். மழையில் பிறேக் பிடித்தால் பின்சில்லு இழுபடுகிறது. பெரிய கட்டை வைத்த ரயர் போட்டால் சரிவருமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். கட்டை ரயர் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. தார் றோட்டில் கட்டைகளின் தலை மட்டுமே படுவதால் ஈரத்தில் பிடிமானம் இன்னும் குறையும். நடுவிலிருந்து ஓரம்வரை சாய்வாக ஓடும் கால்வாய்கள் உள்ள றோட்டு ரயரையே எடுங்கள். தண்ணீரை வெளியே தள்ளுவது அவைதான்.

அளவை மாற்றாதீர்கள். பழைய ரயரில் 100/90-17 என்றிருந்தால் அதுவே. அகலம் கூடினால் றிம் அதை நெரித்து, தரையில் படும் வடிவமே கெட்டுவிடும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3525 என்றால் 2025இன் 35ஆம் வாரத்தில் செய்தது. கடையில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் இறுகிவிடும். கால்வாய் ஆழமாக இருந்தாலும் ஈரத்தில் வழுக்கும். மலிவென்று அதை எடுக்கவே வேண்டாம். பூட்டும்போது ரயரிலுள்ள அம்புக்குறி சில்லு சுழலும் பக்கம் பார்க்கவேண்டும்.

புது ரயரின் மேல் வழுவழுப்புப் போக முதல் 100 கிலோமீற்றருக்காவது சடுதியாகப் பிறேக் பிடிக்காதீர்கள், அதிகம் சாய்க்காதீர்கள். காற்றை ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில் அளந்து பாருங்கள்.

ஒன்று: தோட்டவாசல்களில் றோட்டில் படியும் செம்மண் சேற்றில் எந்த றோட்டு ரயரும் பிடிக்காது. அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.