பீரோவில் இருக்கும் ரிவால்வரை அப்படியே வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். கைத்துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது; இன்னும் வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் எட்டு மாதம் முன்பு காலமானார். அவருடைய .32 ரிவால்வர் (.32 என்பது குழல் அளவு; கான்பூர் தயாரிப்பு) வீட்டு பீரோவில் இருக்கிறது. விற்க அவர் மனைவிக்குச் சம்மதம்; அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் கைப்பிடியை எடுத்துவிட்டு ஈட்டி மரத்தில் போட ஆசாரியிடம் தரலாமா? ரிவால்வரின் சைட், அதாவது குறி பார்க்கும் மேடு, நகர்த்த முடியாத ஃபிக்ஸட் வகை. குண்டு குறிக்குக் கீழே போகுமாம். முன் சைட்டை ராவினால் குற்றமா?

பதில்: கைப்பிடி அப்புறம். முதலில் அந்த பீரோவைப் பார்ப்போம்.

உரிமம் ஆளுக்குத்தான். அவர் போனதோடு அதுவும் போனது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் பிரிவு 21-ன்படி, தேவையற்ற தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். எட்டு மாதம் என்பது நீண்ட தாமதம். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 வருடம் வரை சிறை. அந்த அம்மாவைப் பயமுறுத்தாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்; நீங்களும் எடுத்துப்போக வேண்டாம். இறப்புச் சான்று, பழைய உரிமத்தின் நகல் இரண்டையும் வைத்து இன்றே ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுத்து, அவர்களையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லட்டும். ரசீது முக்கியம்.

ஒப்படைத்த பிறகும் விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. குறித்த கெடு தாண்டினால்தான் அரசுக்குப் போகும். வாங்குபவர் பெயர், முகவரியோடு கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருங்கள். தனியார் விற்பனைக்குப் பிரிவு 5 கேட்பது அது. கடை வழியாக வாங்கினாலும் நான் அந்தக் கடிதத்தை விடமாட்டேன். உரிமத்தில் ஆயுத எண் ஏறிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நல்லவேளை, .32. பழைய பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர், .38, .455 அளவு என்றால் மாவட்டத்தில் தரும் சாதாரண உரிமத்தில் அடங்காது.

இனி கைப்பிடி. குழலைக் குறுக்குவதற்குத்தான் பிரிவு 6 தனி உரிமம் கேட்கிறது. கைப்பிடித் தகடு மாற்றுவது அதில் வராது. ஆனால் ரிவால்வரை ஆசாரி பட்டறையில் விட்டுவந்தால், உரிமமில்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததாகிவிடும். திருகைக் கழற்றி இரண்டு பிளாஸ்டிக் தகட்டை மட்டும் கொடுங்கள். அளவுக்கு அதுவே போதும். மரம் பொருந்தவில்லை என்று இரும்பைத் தேய்க்கவே கூடாது. எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று பிரிவு 8 அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். வெளிநாட்டிலிருந்து ரப்பர் கைப்பிடி தருவிப்பதும் வேண்டாம்: 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் உதிரிபாகமும் வருகிறது, பார்சல் கஸ்டம்ஸில் நிற்கும். தோட்டத்து ஈட்டி மரத்தில் கை வைக்காதீர்கள். மலைப்பகுதியில் அனுமதியில்லாமல் வெட்டினால் 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் அது தனிக் கேஸ்.

சைட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ராவிய இரும்பு திரும்ப வளராது. கைப்பிடியின் தடிமன் மாறினாலே கை பிடிக்கும் இடம் மாறி, குண்டு விழும் இடமும் மாறும். இந்த ரகத்தில் பின் சைட் இருப்பது குழலைப் பூட்டும் கொக்கியில்தான். கொக்கி தேய்ந்து ஆடினால் முன் சைட்டை என்ன செய்தும் பயனில்லை. விலை பேசும் முன்பே கடைக்காரரை விட்டு அதை ஆட்டிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். கைப்பிடி போட்டு, ரேஞ்சில் சுட்டுப் பார்த்து, அப்போதும் கீழே போனால் உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ராவட்டும்.

நீங்கள் கேட்காதது ஒன்று: தோட்டா. பீரோவில் மிச்சம் கிடந்தால் அதையும் எண்ணி, ரசீதில் எண்ணிக்கையோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.