ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர் கேம் ஆட புது கிராபிக்ஸ் கார்டு வேணுமா?

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர் ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. என்னோடது ஐ3 8100 ப்ராசஸர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1050 டிஐ 4 ஜிபி கார்டு, சாதா ஹார்ட் டிஸ்க். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கேட்டா புது கார்டு போட்டாதான் ஓடும்னுட்டாங்க, கைல அவ்ளோ காசு இல்ல. அப்புறம் முன்னாடி ரெண்டு பார்ட்டும் ஆடல, நேரா மூணாவதுக்குப் போலாமா?"

தம்பி, கார்டு மேல கையே வைக்காத. இந்த கேம் 2018 செப்டம்பர்ல வந்தது, கம்பெனிக்காரனே மினிமம்னு போட்டது ஐ3 3220, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 660 இல்லனா 1050, 40 ஜிபி இடம். உன் ப்ராசஸரும் கார்டும் அதுக்கு மேலதான் இருக்கு. ரெக்கமண்டட்னு போட்டது 16 ஜிபி ரேமும் 1060 6 ஜிபி கார்டும், கடைக்காரர் அதைப் பாத்து சொல்லிருப்பார்னு வச்சுப்போம், நல்லதாவே நினைப்போம்.

உனக்கு இடிக்கப் போறது ரேமும் ஹார்ட் டிஸ்கும்தான். 8 ஜிபில விண்டோஸ் பாதியைத் தின்னுரும், கூடவே ப்ரௌசர் தொறந்து வச்சிருந்தா முடிஞ்சுது கதை. இருக்கிற ஸ்டிக் என்ன ஸ்பீடுன்னு அதுலயே ஸ்டிக்கர் இருக்கும், அதே டிடிஆர்4 8 ஜிபி இன்னொண்ணு வாங்கி போர்டுல ரெண்டு ஸ்லாட்னா பக்கத்துல போடு, நாலு ஸ்லாட்னா ஒண்ணு விட்டு ஒண்ணுல போடு, டூயல் சேனல் வந்துரும், அதாவது ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும், நடுநடுவுல திணறி நின்னு போறது நிறைய குறையும். அதுக்கப்புறம் காசு மிஞ்சினா ஒரு சாட்டா எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்கை விட ரொம்ப வேகமா படிக்கும். இந்த கேம்ல பைட்டிட்டின்னு ஒரு ஊர் வரும், மொத்த கேம்லயும் பெரிய இடம், ஜனம் ஜேஜேன்னு இருக்கும், ஹார்ட் டிஸ்க்ல அங்க நடந்தா செவரும் துணியும் மொதல்ல மொழுக்குன்னு வந்துட்டு அப்புறமாதான் டிசைன் தெரியும், ஒரு மாதிரி கடுப்பா இருக்கும்.

இன்னொண்ணு, காசே ஆகாத வேலை. கேபினட்டைத் தொறந்து பாத்து எவ்ளோ நாளாச்சு? வண்ணாரப்பேட்டைல என் கடைக்கு போன மாசம் காசிமேட்ல இருந்து ஒரு சிஸ்டம் வந்துச்சு, "கேம் பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் ஸ்லோ ஆயிடுது"ன்னு. கார்டோட ஃபேனைக் கழட்டினா உள்ள சூட்டை எறக்கற தகடுங்களுக்கு (ஃபின்) நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கெடக்கு, கடல் காத்து ஈரத்துல அது பிசுபிசுன்னு வேற ஒட்டிக்கிச்சு, ஊதினா போகல, பெயிண்ட் ப்ரஷ் வச்சு சொரண்டிதான் எடுத்தேன். ஸ்க்ரூ எல்லாம் துரு. புது தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தற பசை) வச்சு மூடினேன், சூடு எறங்கி பழைய ஸ்பீடு வந்துருச்சு. நம்ம ஏரியால இதை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பண்ணியே ஆகணும்.

செட்டிங்ஸ்ல டிஎக்ஸ்12 ஆன்ல வை. டெக்ஸ்ச்சர் மீடியம், 4 ஜிபி கார்டுக்கு அது போதும். ஷேடோ லோ, டெஸ்ஸலேஷன் ஆஃப், கேமோட ஹீரோயின் லாராவோட முடிக்குன்னு தனியா ஒரு ப்யூர்ஹேர் ஆப்ஷன் இருக்கும், அதை நார்மல்ல விடு. ரே ட்ரேஸிங் உன் கார்டுக்கு இல்ல, மறந்துரு. கேம்லயே பெஞ்ச்மார்க்னு ஒரு ஸ்பீடு டெஸ்ட் இருக்கு, ஓட்டி முடிச்சா கடைசில 'ஜிபியு பவுண்ட்'னு ஒரு பர்சன்ட் காட்டும். அது 90க்கு மேல இருந்தா கார்டு திணறுதுன்னு அர்த்தம், செட்டிங்ஸைக் கொற. ரொம்பக் கம்மியா இருந்தா ப்ராசஸரோ ரேமோதான் பின்னாடி இழுக்குது, அப்ப நீ லட்ச ரூபா கார்டு போட்டாலும் பெருசா ஒண்ணும் மாறாது. ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்கினா 14 நாளுக்குள்ள, ஆடின நேரம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், அதனால வாங்கின உடனே மொத வேலையா பெஞ்ச்மார்க்கை ஓட்டிரு. வாங்கறதுன்னா டெஃபினிட்டிவ் எடிஷனா வாங்கு, தனியா வித்த ஏழு டூமும் (புதிர் வச்ச பழைய கல்லறைங்க) அதுலயே இருக்கு, சேல் அடிக்கடி வரும், அவசரப்படாத.

இப்ப ரெண்டாவது கேள்வி. நேரா மூணாவது ஆடினா புரியாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ருசி இருக்காது. 2013ல வந்த மொத பார்ட்ல லாரா கப்பல் ஒடஞ்சு யமட்டாய் தீவுல மாட்டி நடுங்கிட்டு நிக்கற பொண்ணு. ரெண்டாவது ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர், சைபீரியா பனில அவங்க அப்பா தேடின விஷயத்தைத் தேடிப் போவா, ட்ரினிட்டிங்கற வில்லன் கும்பல் அங்கதான் நல்லா நுழையுது. மூணாவதுல அவளே சேறைப் பூசிக்கிட்டு செவரோட செவரா ஒட்டி நின்னு ஆளை அடிக்கறா. அந்த மாற்றத்தைப் பாக்கறதுதான் இந்த ட்ரிலஜியே. மொத பார்ட் உன் சிஸ்டத்துல இப்பவே பறக்கும், இடமும் கம்மி, ரேமுக்கு காசு சேர்ற வரைக்கும் அதை ஆடு. டைம் இல்லனா மொத பார்ட்டை வேணா விடு, ரைஸை விடாத.

மூணாவதுல சண்டை, சுத்தறது, புதிர் மூணுக்கும் டிஃபிகல்ட்டி தனித்தனியா வச்சுக்கலாம். சண்டையை ஈஸில வச்சுட்டு புதிரை நார்மல்ல விட்டு ஆடு, இந்த கேம்ல துப்பாக்கி கம்மி, டூம்தான் விருந்து.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ஆரம்பத்துலயே மெக்சிகோல ஒரு ஊருக்குள்ள கடல் வந்துரும், லாரா ஒரு கத்தியை எடுத்ததால. தண்ணி சந்துல ஏறி வர்றது, ஒரு சின்னப் பையன் கைக்கு எட்டாம போறது எல்லாம் ரொம்ப கிட்டக்க காட்டுவாங்க. நான் ஆடறப்ப பின்னாடி உக்காந்திருந்த எங்கம்மா ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போயிட்டாங்க, 2004 டிசம்பர் 26 காலைல அவங்க காசிமேட்ல மீன் வாங்க நின்னவங்க. உங்க வீட்லயும் அப்படி யாராவது இருந்தா அந்த அரை மணி நேரம் ஹெட்ஃபோன் போட்டு, கதவைச் சாத்திட்டு ஆடு.

ரேம் போட்டதும் பெஞ்ச்மார்க் ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாத்து சொல்றேன்.