குழந்தையை மருத்துவ ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் 9 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கும் முன், ஓர் ஆய்விலும் சேர்க்கலாமா என்று கேட்டுக் குழந்தைகள் மருத்துவமனையில் படிவம் தந்திருக்கிறார்கள். மறுத்தால் சிகிச்சை குறையுமா? பிள்ளையை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே விலகலாம். இது உங்கள் உரிமை.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மகனுக்குத் தரப்போகிற வழக்கமான சிகிச்சையே இப்படிப்பட்ட ஆய்வுகளில் உருவானதுதான். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை 1962-இல் திறக்கப்பட்டபோது, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் 100-க்கு 4 பேர்தான் பிழைத்தார்கள். இன்று அங்கே 90 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். கையிலிருந்த மருந்துகளையே எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை காலம் கொடுப்பது என்று ஒவ்வோர் ஆய்வாகத் தேடியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. அது இல்லாமலே குணப்படுத்தலாம் என்று காட்டியதும் ஆய்வுதான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். "சேராவிட்டால் என் மகனுக்கு என்ன சிகிச்சை? சேர்ந்தால் அதில் எது மாறும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள். சில ஆய்வுகளில் சிகிச்சை மாறாது, கொஞ்சம் ரத்தம் கூடுதலாக எடுப்பார்கள், அவ்வளவுதான். வேறு சிலவற்றில் யாருக்கு எந்த மருந்து முறை என்பது குலுக்கலில் முடிவாகும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையோ முதுகில் போடும் ஊசியோ கூடுமா என்றும் கேளுங்கள், வலி பிள்ளைக்குத்தானே.

ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. புது மருந்து ஆய்வாக இருந்து, அதனால் பாதிப்பு வந்தால் இந்திய அரசின் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடமே பேசலாம், தொடர்பு எண் படிவத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், மகனிடமும் சொல்லுங்கள். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டி. 12 வயதுவரை எழுத்தில் தேவையில்லை, உங்கள் முன்னிலையில் வாயால் சொன்னால் போதும்.